கேஷும் காசும் ஒன்றா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரலில் தமிழ்மொழி விழா தொடங்கியதும் நம் சிங்கப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். கட்டுமரம் ஆங்கிலத்தில் கட்டமரான் ஆனது, மிளகுத்தண்ணீர் மல்லிகட்டானி ஆனது, சுருட்டு செரூட் ஆனது, காசு கேஷ் ஆனது. முதல் மூன்றும் சரி. நான்காவதில் பாதிதான் சரி, அந்தப் பாதியும் நாம் நினைக்கிற பாதி இல்லை. இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு, தெரிந்தவரை விளக்கமாக இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

கேஷ் என்றால் பணம்தானே? தனியாக ஒரு பொருள் இருக்கிறதா?

பணம் பெரிய வட்டம், கேஷ் அதற்குள் ஒரு சின்ன வட்டம். வங்கியில் இருப்பது, வர வேண்டியது, முதலீட்டில் போட்டது எல்லாமே பணம்தான். கையில் எண்ணிக் கொடுக்கக்கூடிய நோட்டும் நாணயமும் கேஷ். அகராதி இத்தோடு நின்றுவிடும், ஆனால் புழக்கத்தில் இந்தச் சொல்லின் பொருள் எதற்கு எதிராக நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது "கேஷா, நெட்ஸா?" என்று கேட்டால் அங்கே கேஷ் என்பது நோட்டு, நெட்ஸ் என்பது வங்கி அட்டையில் கட்டுவது. அதே ஆள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு வாங்கப் போகிறார், மதிப்பீட்டைவிட விலை அதிகம், அந்த அதிகத் தொகையைக் கேஷாகத்தான் கட்ட வேண்டும் என்கிறார்கள். அதற்காக அவர் பையில் நோட்டுக்கட்டு தூக்கிக்கொண்டு போவதில்லை. மசே (மத்திய சேம) நிதியிலிருந்தோ வீட்டுக் கடனிலிருந்தோ எடுக்க முடியாது, சொந்தக் கணக்கிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான் அங்கே அதன் பொருள். கணக்காளரிடம் போனால் வங்கி இருப்பும் சேர்த்துத்தான் கேஷ் என்பார். மொத்த வியாபாரியிடம் கேஷுக்கு எதிர்ச்சொல் கடன்.

வினைச்சொல்லாகவும் வரும். காசோலையைக் கொடுத்து நோட்டாக வாங்குவதைக் கேஷ் பண்ணுவது என்று எல்லோரும் சொல்கிறோமே, அது ஆங்கிலத்திலேயே உள்ள பயன்பாடு.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனிலிருந்து. காப்ஸா என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியில் காஸ்ஸா, பிரெஞ்சில் கேஸ் என்று ஆகி, 1590களில் ஆங்கிலத்துக்கு வந்தது. வந்தபோது அதற்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது, பெட்டிக்குள் இருக்கும் பணம் என்ற பொருளும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டி என்ற பொருள் உதிர்ந்துவிட்டது. அதனால்தான் இன்றைக்கு ஓர் ஆங்கிலேயரைக் கேட்டால்கூட கேஷ் என்பது ஒருகாலத்தில் பெட்டி என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

இந்தக் குடும்பத்தில் நமக்குப் பழக்கமான சொற்கள் பல உண்டு. மூக்குக்கண்ணாடி வைக்கும் கேஸ், மருந்து அடைத்த கேப்ஸ்யூல், பாட்டுக் கேட்ட கேசட், எல்லாவற்றிலும் அந்தப் பழைய பெட்டி இருக்கிறது. வணிகக் கணக்கு எழுதும் கலையில் அன்றைக்கு இத்தாலியர்கள்தான் முன்னோடிகள் என்பதால் பணம் சார்ந்த சொற்கள் நிறைய அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போயின. திவாலைக் குறிக்கும் பேங்கரப்ட் என்ற சொல்லும் இத்தாலிய வழிதான்.

பெட்டியின் பெயர் எப்படிப் பணத்தின் பெயராக மாறும் என்று சிலர் கேட்பார்கள். நம்மிடமே இருக்கிறதே! பஃபலோ சாலையில் காய்கறிக் கடைக்காரர் முன்னால் உள்ள பெட்டி கல்லா. இழுப்பறைக்குள் நான்கைந்து தடுப்பு, ஒன்றில் இரண்டு வெள்ளி (டாலர்) நோட்டுகள், ஒன்றில் ஐந்து, ஒன்றில் பத்து, முன்பக்கக் கிண்ணங்களில் இருபது காசும் ஐம்பது காசும். தீபாவளிக்கு முந்தின வாரம் "நல்லா கல்லா கட்டிச்சு" என்று அவர் சொன்னால் பெட்டியைப் பற்றியா பேசுகிறார்? விற்று வந்த பணத்தைப் பற்றித்தான். ஆங்கிலத்தில் நடந்ததும் இதேதான்.

அப்படியானால் காசு என்பதிலிருந்து கேஷ் வந்தது பொய்யா?

நாம் கடையில் கொடுக்கிற, வங்கியில் எடுக்கிற அந்தக் கேஷ், காசிலிருந்து வரவில்லை. இதை மனதில் ஏற்றுக்கொள்வது கஷ்டம் என்று தெரியும், ஏனென்றால் ஓசையும் ஒன்று, பொருளும் ஒன்று. ஆனால் காலத்தைப் பாருங்கள். ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனி தொடங்கப்பட்டதே 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில். அதற்கு முன்பே லண்டனில் கேஷ் என்ற சொல் புழங்குகிறது. அதைவிட வலுவான சான்று, அந்தப் பெட்டிதான். காசிலிருந்து வந்த சொல்லாக இருந்தால் ஆரம்பத்தில் அது நாணயத்தைத்தானே குறித்திருக்க வேண்டும்? பணப்பெட்டியை ஏன் குறிக்க வேண்டும்? தமிழில் காசு எந்தக் காலத்திலும் பெட்டியாக இருந்ததில்லை. பிரெஞ்சு, இத்தாலிய உறவுச் சொற்கள் அடுத்தடுத்த வீடுகளில் உயிரோடு இருக்கும்போது, கடல் தாண்டி ஒரு மூலம் தேட வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் ஆங்கில அகராதியில் கேஷ் என்பதற்குத் தமிழ் மூலம் போட்டிருப்பதை நான் பார்த்தேனே?

நீங்கள் பார்த்ததும் சரிதான். குழப்பத்துக்குக் காரணமே இதுதான், கேஷ் என்று ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, பிறப்பு வேறு. பெரிய அகராதிகள் இரண்டையும் தனித்தனிப் பதிவாகத்தான் கொடுக்கும். முதலாவது மேலே சொன்ன பெட்டிக் கேஷ். இரண்டாவது, தென்னிந்தியாவிலும் மற்ற ஆசிய நாடுகளிலும் புழங்கிய சிறு மதிப்பு நாணயத்தின் பெயர். இந்த இரண்டாவது கேஷ் சந்தேகமே இல்லாமல் நம் காசு. 1886இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதைத் தெளிவாகப் பிரித்தே எழுதியிருக்கிறது: தமிழ்க் காசு, அதிலிருந்து போர்ச்சுகீசியர் வாயில் காய்ஷா, அதிலிருந்து ஆங்கிலக் கேஷ்.

சென்னையில் கம்பெனி ஆட்சியில் 80 காசு சேர்ந்தால் ஒரு பணம், 42 பணம் சேர்ந்தால் ஒரு வராகன். ஆங்கிலக் கணக்குப் புத்தகத்தில் இவையே கேஷ், ஃபனம், பகோடா. ஃபனம் என்பதும் நம் பணம்தான்! ஆக நம் சொற்கள் இரண்டு அந்தக் கணக்கேடுகளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. வாட்ஸ்அப் பட்டியல்காரர்கள் ஃபனத்தை விட்டுவிட்டுக் கேஷைப் பிடித்துக்கொண்டது எனக்கு எப்போதுமே வருத்தம்தான்.

இதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சான்று ஏதாவது உண்டா?

உண்டு, அருமையான ஒன்று. 1808ஆம் ஆண்டு போட்ட கம்பெனி செப்பு நாணயம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அச்சடித்துச் சென்னைக்கு அனுப்பப்பட்டவை. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும் ஆண்டும். மறுபக்கம் பாரசீக எழுத்தில் ஒரு வாசகம்: இருபது காஸ் நான்கு ஃபலூஸ் (அதுவும் ஒரு செப்பு நாணயப் பெயர்) ஆகும் என்று. அதற்குக் கீழே ரோமன் இலக்கத்தில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ். ஒரே நாணயத்தின் ஒரே முகத்தில் நம் சொல் இரண்டு எழுத்துகளில் இரண்டு வேஷத்தில் இருக்கிறது.

இந்த நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு அதிக தூரம் போவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கிவிட்டது. 1980களில் கடலடியிலிருந்து ஏராளமான நாணயங்களை அள்ளினார்கள். அதனால் இவை அபூர்வமில்லை, நாணயம் சேர்ப்பவர்களிடம் சாதாரணமாகவே கிடைக்கும். வகுப்பில் காட்டுவதற்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தோன்றவில்லை.

திருவிதாங்கூரிலும் காசு கடைசி வரை ஓடியது. அங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அந்த சமஸ்தானத்தின் கடைசிக் கால நாணயங்களில் ஒரு கேஷ் என்று ஆங்கிலத்திலேயே பொறித்திருக்கும்.

காசு எப்படிக் காய்ஷா ஆனது?

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. போர்ச்சுகீசிய மொழியில் காய்ஷா என்றால் என்ன தெரியுமா? பெட்டி! அதே லத்தீன் காப்ஸாவின் பிள்ளை. போர்ச்சுகீசியர் நம் கடற்கரையில் காசு என்று கேட்டார்கள், தங்கள் மொழியில் ஏற்கெனவே பழக்கமான ஒரு சொல்லின் அச்சில் அதை வார்த்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர்களும் அதையே செய்தார்கள், அவர்கள் கையில் கேஷ் என்ற பணச்சொல் தயாராக இருந்ததால் காய்ஷாவை அந்த எழுத்துக்கூட்டலுக்குள் நுழைத்துவிட்டார்கள். ஆக தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள் இரண்டு மொழிகளில் இரண்டு முறை ஒன்றாக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலத்தின் பெட்டிக் கேஷ் காசிலிருந்து பிறக்கவில்லை. ஆனால் அது இல்லாதிருந்தால் நம் காசு ஆங்கிலத்தில் அந்த வடிவத்தில் நின்றிருக்காது.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்னரே ஓர் இத்தாலியர் காதில் சரியாக விழுந்திருக்கிறது. லுடோவிகோ டி வர்த்தெமா என்ற பயணி, 1510இல் வெளியான தன் பயண நூலில், விஜயநகரத்தில் காஸ் என்ற நாணயம் இருப்பதாக எழுதுகிறார். தன் தாய்மொழியில் பணப்பெட்டிக்குக் காஸ்ஸா என்ற சொல் இருந்தும், இதை வேறு நாட்டுச் சொல்லாகவே கேட்டு எழுதியிருக்கிறார்.

சீன நாணயத்தையும் கேஷ் என்கிறார்களே, அது எப்படி?

நடுவில் சதுர ஓட்டை போட்ட வட்டமான செப்பு நாணயம், சீனப் புத்தாண்டு அலங்காரங்களில் சிவப்புக் கயிற்றில் கோத்துத் தொங்குமே, அதன் ஆங்கிலப் பெயர் கேஷ். சீனர்கள் அதை அப்படிச் சொல்லவே இல்லை. அவர்கள் வழக்கில் அது சியென், எண்ணிக்கையில் வென். போர்ச்சுகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தபோது அங்கே புழங்கிய வெள்ளீயச் சில்லறையையும் காய்ஷா என்றார்கள், அப்புறம் ஜாவாவிலும் சீனாவிலும் கண்ட சிறு நாணயங்களுக்கெல்லாம் அதே பெயரைக் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயரும் பின்னால் வந்து அதையே சொன்னார்கள்.

யோசித்துப் பாருங்கள். சோழமண்டலக் கரையில் எடுத்த ஒரு தமிழ்ச் சொல், மலாக்கா வழியாகப் போய், இரண்டாயிரம் ஆண்டு ஓடிய சீன நாணயத்துக்கு உலகம் முழுக்க வழங்கும் ஆங்கிலப் பெயராகிவிட்டது. சிங்கப்பூரில் 1984இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் தொடங்கிய அகழாய்வுகள் பிறகு சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கும் போயின, அங்கே பழைய சீன நாணயங்கள் நிறையக் கிடைத்தன. அவற்றை விவரிக்கும் ஆங்கிலக் கட்டுரைகளில் நம் காசு நிற்கிறது, படிக்கிற தமிழர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. பெருமைப்பட வேண்டியது இதற்குத்தான். ஏடிஎம்மில் எடுக்கிற கேஷுக்கு இல்லை.

காசு தமிழ்ச் சொல்தானா? சமஸ்கிருதம் என்கிறார்களே?

இரண்டு கருத்தும் உண்டு. வடமொழியில் கர்ஷம் என்பது ஒரு நிறையளவு, அந்த எடைக்கு அடித்த நாணயத்துக்கும் பெயர். காசு அதிலிருந்து வந்தது என்று பல அகராதிகள் சொல்கின்றன, ஹாப்சன்-ஜாப்சனும் அப்படித்தான். திராவிடச் சொல்லாகவே கொள்பவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சண்டையில் யார் ஜெயித்தாலும் போர்ச்சுகீசியர் கேட்டது காசு என்ற தமிழ் வடிவத்தை என்பது மாறாது. எனக்கு அது போதும்.

தமிழில் காசு எவ்வளவு பழையது?

சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. குறுந்தொகை 67ஆம் பாட்டில் கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்விக்கொண்டிருக்கும் காட்சி வரும். அது எப்படி இருக்கிறதாம்? பொற்கொல்லர் கூரிய நகத்தால் பொற்காசு ஒன்றைப் பிடித்துப் புது நூலில் கோப்பதுபோல் இருக்கிறதாம். மஞ்சள் நிறம், உருண்டை வடிவம், பிடித்திருக்கும் விதம் எல்லாம் பொருந்துகிறது. அந்தக் காசு நகையில் கோக்கும் பொன்மணி. காசுமாலை என்று இன்றைக்கும் சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் கேட்டு வாங்குகிறோமே, அந்த வழக்குக்கு இவ்வளவு வயது.

சோழர் காலத்தில் காசு சில்லறை இல்லை, தங்கம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயில் பணத்தைக் காசாகக் கடன் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது பன்னிரண்டரை விழுக்காடு. பிறகு நூற்றாண்டுகள் போகப்போக காசு செம்பாகி, மதிப்பு தேய்ந்து, கடைசியில் சல்லிக்காசு, செல்லாக்காசு என்று வசவில் போய் நின்றது.

யாப்பு படித்தவர்களுக்கு இன்னொரு காசு தெரியும். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில்தான் முடிய வேண்டும். ஐந்தாவது குறள் "மாட்டு" என்று முடிகிறதே, அது காசு. பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஓசைக்காக எடுத்த சொல்தான். ஆனால் இலக்கணம் சொல்வதற்கு மாதிரியாக எடுக்கிற அளவுக்கு அன்றாடச் சொல்லாக இருந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் கேஷுக்கு மாற்றாக என்னென்ன சொல்லலாம்? எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றில்லை, தேர்வில் இதில்தான் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடுகிறார்கள். மணி என்பது பொதுச்சொல், எங்கேயும் போடலாம். கரன்சி என்பது ஒரு நாட்டின் பணம் என்ற முறைமை, அது சிங்கப்பூர் வெள்ளியா, ரிங்கிட்டா என்று கேட்கும் இடத்தில் வரும். சேஞ்ச் என்றால் சில்லறை, அல்லது மீதி. ஃபண்ட்ஸ் என்றால் ஒரு வேலைக்கென்று ஒதுக்கிய பணம், கோயில் திருப்பணிக்குத் திரட்டுவது ஃபண்ட்ஸ், அதைக் கேஷ் என்று எழுதினால் உண்டியலில் நோட்டாகப் போடச் சொல்வதுபோல் ஆகிவிடும். கேஷுக்கு மிக நெருக்கமானது ரெடி மணி, உடனே எடுத்து நீட்டக்கூடியது. ஹார்ட் கேஷ் என்பது முதலில் காகிதமில்லாத உலோக நாணயத்தைக் குறித்தது, இப்போது நிஜமாகவே கையில் இருக்கும் பணம் என்று அழுத்திச் சொல்ல. பெட்டி கேஷ் என்று அலுவலகங்களில் சொல்வது தபால்தலை, காப்பித்தூள் மாதிரிச் சின்னச் செலவுக்கு ஒதுக்கி வைத்திருப்பது. அந்தப் பெட்டி என்பது சிறியது என்னும் பிரெஞ்சுச் சொல், நம் பெட்டியோடு சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

பேச்சுவழக்கில் டோ, பிரெட், மூலா, பக்ஸ் எல்லாம் உண்டு. கதை எழுதும்போது ஒரு பாத்திரத்தின் வாயில் வைக்கலாம், கட்டுரையில் வேண்டாம். முதல் இரண்டும் மாவும் ரொட்டியும், உணவின் பெயரில் பணத்தைச் சொல்வது.

வேர்களைத் தோண்டினால் சுவையாக இருக்கும். மணி என்பது ரோமாபுரியில் ஜூனோ மொனேட்டா என்ற தெய்வத்தின் கோயிலில் நாணயச்சாலை இருந்ததால் வந்த சொல். கரன்சி, ஓடுவது என்ற லத்தீன் வேரிலிருந்து. பணம் சார்ந்த என்று பொருள்படும் பெக்யூனியரி என்ற சொல்லுக்குள் இருப்பது பெக்குஸ், அதாவது கால்நடை. இது நமக்குப் புதிதே இல்லை, "மாடல்ல மற்றை யவை" என்று 400ஆவது குறளில் மாடு என்றால் செல்வம்தானே.

துட்டும் மலாய்க்காரர்கள் சொல்லும் டுயிட்டும் சொந்தமா?

சொந்தம். டுயிட் என்பது டச்சுக்காரர்களின் செப்பு நாணயம். அவர்கள் கப்பல் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் அந்தச் சொல்லும் போனது. நாகப்பட்டினம் பக்கம் துட்டு ஆனது, மலாய் உலகில் டுயிட் ஆனது. கோப்பிக்கடைகளில் ஹொக்கியன் பேசும் மாமாக்கள் பணத்தை லுய் என்பார்களே, அதுவும் மலாய் டுயிட்டிலிருந்து வந்ததாகத்தான் பரவலாகச் சொல்கிறார்கள். ஒரே மேசையில் துட்டு, டுயிட், லுய் மூன்றும் புழங்கும் ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும் சொல்லுங்கள்? கேஷ் நம்முடையதா என்ற வாதத்தைவிட இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் பக்கத்து வீட்டு நண்பர்களிடம் போய்ப் பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் ரூபாய், பைசா. இங்கே ஏன் வெள்ளி, காசு?

டாலர் இங்கே நெடுங்காலம் நிஜமாகவே வெள்ளி நாணயமாக இருந்தது. ஸ்பானிய வெள்ளி டாலர் தென்கிழக்காசியத் துறைமுகங்களில் எல்லாம் செல்லுபடியானது. அந்த நாணயத்தின் ஓரத்தில் ரம்பப்பல் போல் இருந்ததால்தான் மலாய் மொழியில் ரிங்கிட் என்றார்கள். அவர்கள் ஓரத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் உலோகத்தைப் பார்த்து வைத்தோம். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவை ஆண்ட பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்ற அரசு 1903இல் தன் சொந்த வெள்ளி டாலரை வெளியிட்டது, 1967 ஜூன் 12இல் சிங்கப்பூர் வெள்ளி வந்தது. உலோகம் போய்க் காகிதமாகி, காகிதம் போய் பிளாஸ்டிக் நோட்டாகியும் பெயர் வெள்ளியாகவே இருக்கிறது.

காசு இங்கே சென்டுக்குப் பெயர், வெள்ளியில் நூறில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் காசு என்றால் பொதுவாகப் பணம் என்று ஆகிவிட்ட பிறகும், சிங்கப்பூர்த் தமிழில் அது இன்னமும் கணக்கான ஒரு மதிப்புள்ள நாணயப் பெயராக இருக்கிறது. ஒரு காசு நாணயம் வெளியிடுவதை 2002இல் நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் செல்லும். உங்கள் கையில் இருக்கும் எந்தச் சிங்கப்பூர் நாணயத்தையும் திருப்பிப் பாருங்கள், சிங்கப்பூர் என்று தமிழிலும் இருக்கும்.

கேஷியர் என்றால் காசாளர். வேலையிலிருந்து நீக்குவதையும் கேஷியர் என்கிறார்களே?

இதுவும் இரட்டைதான். கல்லாவில் உட்காருபவர் பெட்டிக் கேஷிலிருந்து வந்தவர். ராணுவ அதிகாரியை அவமானப்படுத்திப் பதவியிலிருந்து விலக்குவதைச் சொல்லும் வினைச்சொல், உடைப்பது, ரத்து செய்வது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து டச்சு வழியாக வந்தது. இரண்டுக்கும் உறவில்லை. பழைய வரலாற்று நூல்களில் ஒரு தளபதி கேஷியர் செய்யப்பட்டார் என்று வந்தால் அவரைக் கணக்குப்பிள்ளை ஆக்கினார்கள் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

கேஷ் ரிஜிஸ்டர்?

கல்லாப்பெட்டி இயந்திரம். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி 1879இல் காப்புரிமை வாங்கினார். கடைப் பணியாளர்கள் விற்பனைப் பணத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டதுதான் காரணம்.

கேஷ்யூநட், கேஷ்மியர்?

முந்திரி பிரேசிலின் துப்பி மொழிச் சொல்லிலிருந்து போர்ச்சுகீசிய வழியாக வந்தது. மற்றது காஷ்மீர் என்ற ஊர்ப்பெயர். இரண்டிலும் கேஷும் இல்லை, காசும் இல்லை.

கடையிலோ நிகழ்ச்சியிலோ தமிழ் அறிவிப்பு வைக்கும்போது எதை எழுதுவது, கேஷா, காசா, ரொக்கமா?

ரொக்கம் என்று எழுதுங்கள். கேஷ் என்பதன் குறுகிய பொருள், அதாவது நோட்டாகவும் நாணயமாகவும் உடனடியாகக் கொடுப்பது, அந்தச் சொல்லில் அப்படியே இருக்கிறது. இங்கே அரசாங்க அறிவிப்புகளிலும் செய்திகளிலும் அதுதான் வழக்கு; பற்றுச்சீட்டா (வவுச்சர்) ரொக்கமா என்ற வேறுபாடு எல்லோருக்கும் தெரியும். காசு என்று எழுதினால் இங்கே சென்ட் என்றும் படிக்கலாம், "காசு மட்டும்" என்று ஒட்டிவைத்தால் சில்லறை மட்டும்தான் வாங்குவார்களோ என்று ஒருவர் நின்று யோசிப்பார். பணம் என்றால் பேநவ் வழியாகக் கைப்பேசியில் அனுப்புவதும் பணம்தானே என்று கேட்பார்கள். பேச்சில் கேஷ் என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை, எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். கடன் கிடையாது என்பதை நயமாகச் சொல்ல வேண்டுமா, கையிலே காசு வாயிலே தோசை என்று பெரியவர்கள் சொல்லிவைத்ததை அப்படியே எழுதி ஒட்டுங்கள். சாப்பாட்டுக் கடையாக இருந்தால் இன்னும் பொருத்தம்.